துப்பட்டிக்காரன் எப்போது கெட்டுப்போனான்

இன்றைக்கும் எங்கள் ஊர் ஆண்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து பழைய டிவி காலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், யாராவது ஒருவர் தவறாமல் அதைச் சொல்லிவிடுவார். துப்பட்டிக்காரன் முதலில் எப்படி இருந்தான், போகப் போகக் கெட்டுவிட்டான் என்பார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வயது அறுபது ஆகிவிட்டது, முட்டி வலி வந்துவிட்டது, பேரப்பிள்ளைகள் வந்துவிட்டார்கள், இந்தக் கோபம் மட்டும் எங்கேயும் போகவில்லை.

அந்த சீரியல் கெட்டது உண்மைதான். ஆனால் எப்போது கெட்டது, எங்கே கெட்டது, யாரால் கெட்டது என்று ஊரில் தெரிந்த ஒரே ஆள் நான். என்னைத் தவிர மற்ற எல்லோரையும் கேட்டார்கள்.

எண்பதுகளின் நடுவில், பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் எங்கள் குப்பத்துக்கு அரசாங்கம் ஒரு டிவி கொடுத்தது. கறுப்பு வெள்ளை. பொதுக் கொட்டகையில் கதவும் பூட்டும் போட்ட மரப்பெட்டிக்குள் அதை வைத்தார்கள். சாவி ஊர்த் தலைவரின் அரைஞாணில் தொங்கும். ஆன்டெனாவை ஒரு சவுக்குக் கம்பத்தின் உச்சியில் கட்டியிருந்தார்கள். கச்சான் காற்று அடித்தால் அது ஆந்திராப் பக்கம் திரும்பிக்கொள்ளும். ஒருத்தர் ஏறித் திருப்புவார், கீழே நிற்கிறவர்கள் ஆளுக்கொரு திசை சொல்லுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த சீரியல் வரும். எந்த தேசத்தில் எடுத்ததோ, எல்லோரையும் இந்தியில் பேச வைத்திருந்தார்கள். ஒருவன் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆபீசில் வேலை செய்வான். மேலதிகாரியிடம் திட்டு வாங்குவான். எங்கேயாவது ஆபத்து என்றால் சுவருக்குப் பின்னால் போய், கழுத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு வந்து பறப்பான். அவனுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. முதுகில் துப்பட்டி தொங்கியதால் துப்பட்டிக்காரன் என்று நாங்களே வைத்துவிட்டோம்.

முதல் இரண்டு வாரம் ஊரே வாயைப் பிளந்து பார்த்தது, ஒருத்தருக்கும் ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. என் நைனா பம்பாயில் மீன் இறங்கும் துறையில் வேலை பார்த்தார். பதிமூன்று வயது வரைக்கும் நான் அங்கேதான் வளர்ந்தேன். தெருக்குழாயில் சண்டை போட்டுக் கற்றுக்கொண்ட இந்தி. ஊர் திரும்பி, இந்தக் குப்பத்தில் வாழ்க்கைப்பட்ட பிறகு அந்த இந்தி எதற்கும் உதவாமல் எனக்குள் சும்மா கிடந்தது. மூன்றாவது வாரம், பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனாரின் காதில் மெல்ல, "அவன் ஆபீஸ்ல யாருக்கும் இவன்தான் அவன்னு தெரியாது" என்று சொன்னேன். என் வீட்டுக்காரரின் அக்காவுக்கு ரகசியம் என்பதே கிடையாது. எழுந்து நின்று ஊருக்கே அறிவித்துவிட்டாள். அடுத்த வாரம் எனக்கு டிவி பக்கத்தில் ஒரு முக்காலி போட்டிருந்தார்கள்.

அப்புறம் ஒன்றரை வருஷம் நான்தான் சொன்னேன். தலைவர் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார். நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முக்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்து, அவர்கள் பேசப் பேசத் தமிழில் சொல்லுவேன். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் வலைக்கயிறு கட்டியிருக்கும். இரண்டு பக்கமும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும். பக்கத்துக் குப்பத்திலிருந்து படகு போட்டு வருவார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது, இதில் மறைக்க என்ன இருக்கிறது. வீட்டில் உப்பு காரம் தவிர நான் சொன்ன எதையும் யாரும் காதில் வாங்கியதில்லை. வாரத்தில் அந்த அரை மணி நேரம் மட்டும் என்னுடையது. அது போய்விடக் கூடாது என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே பயம்.

அதனால்தான் சீரியல் கெட ஆரம்பித்ததை நான் வெளியே சொல்லவில்லை.

முதல் ஏழெட்டு மாதம் நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொரு வாரமும் ஒரு முழுக் கதை. திருடனுக்குக்கூட ஒரு நியாயம் இருக்கும். அவனைப் பிடித்துக் கொடுத்த பிறகு துப்பட்டிக்காரன் கொஞ்ச நேரம் சும்மா நிற்பான், அப்படி நிற்பது எனக்குப் பிடிக்கும். அப்புறம் எடுக்கிறவர்களுக்கு அலுத்துவிட்டது. வேறு என்ன சொல்வது. மலையிலிருந்து விழுந்து செத்த வில்லன், ஐந்து வாரம் கழித்து மீசை வைத்துக்கொண்டு வேறு பெயரில் வந்தான். போன மாதம் எரிந்த அதே கட்டிடம் இந்த மாதமும் எரிந்தது. அதே ஜன்னல், அதே பொம்பளை, அதே கத்தல். அவன் பறக்கும் துண்டு என்று ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு வாரத்துக்கு மூன்று முறை போட்டார்கள். இடமிருந்து வலம், கீழே ஒரே மேகம். அவன் தெற்கே போனாலும் அந்த மேகம், வடக்கே போனாலும் அந்த மேகம். கூட வேலை செய்கிற பெண், அவன் யார் என்பதைக் கண்டுபிடித்தாள். நான் உடம்பெல்லாம் சிலிர்த்துப்போய்ச் சொன்னேன். அடுத்த வாரம் அவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. எழுதினவனுக்கே ஞாபகமில்லை, அவளைச் சொல்லி என்ன பயன்.

அந்த சீரியலை எடுத்தவர்கள் எங்கே இருக்கிறார்களோ, உயிரோடு இருக்கிறார்களோ இல்லையோ, அவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. யார் பார்க்கப் போகிறார்கள் என்ற அலட்சியம்தானே அது. நாங்கள் பார்த்தோம். கருவாட்டுக் கூடையை இறக்கிவைத்துவிட்டு, ஈரச் சேலையோடு வந்து உட்கார்ந்து பார்த்தோம்.

நான் ஓட்டை அடைக்க ஆரம்பித்தேன். மீசை வைத்தவன் செத்தவனின் தம்பி, அண்ணனுக்காகப் பழிவாங்க வந்திருக்கிறான் என்றேன். கட்டிடம் மறுபடி எரிந்தபோது, முதல் தடவை யார் கொளுத்தினார்கள் என்று துப்பட்டிக்காரன் யோசித்துப் பார்க்கிறான், இது அவன் நினைப்பு என்றேன். அந்தப் பெண் மறக்கவில்லை, தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிறாள், அவன் நிம்மதிக்காக என்றேன். அதைக் கேட்டுப் பெண்கள் பக்கத்தில் இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள்.

நான் செய்ததைக் கண்டுபிடித்தவர் ஒருத்தர்தான். பழவேற்காடு ஊரிலிருந்து இறால் எடுக்க வரும் பாய். அவர் வீட்டில் உருது பேசுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஐஸ் பெட்டியை இறக்கிவிட்டுக் கொட்டகை ஓரமாய் நின்று பார்ப்பார். ஒருநாள் கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் வந்து, "அவன் அங்க அப்டி ஒண்ணும் சொல்லலியே தங்கச்சி" என்றார். யாரும் கேட்டுவிட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டு, நான் சொன்னதே இருக்கட்டும், எடுத்தவனைவிட அது தேவலை என்று சொல்லிப் போனார். என் வேலையை வேலை என்று சொன்ன ஒரே மனிதர் அவர்தான்.

ஒரு வாரம் அவர்கள் ஒன்றுமே எடுக்கவில்லை. அவனைக் கடற்கரையில் நிற்கவைத்து, பழைய துண்டுகளை ஒட்டி அரை மணி நேரத்தை ஓட்டிவிட்டார்கள். அவன் நிற்கிறான், பழைய சண்டை ஒன்று வருகிறது, மறுபடி நிற்கிறான். பேச்சு மொத்தம் நாலு வரி, அதுவும் வானிலை பற்றி. அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் எதைச் சொல்ல? அன்றைக்கு நான் முழுக் கதையையும் நானே சொன்னேன். அவனுக்குப் பறக்கும் சக்தி போய்விட்டது என்றேன். ஒரே ஒரு தடவை தனக்காகப் பறந்தான், அம்மா செத்த வீட்டுக்குச் சீக்கிரம் போக. அதனால் போய்விட்டது. இப்போது தண்ணீர் ஓரமாய் நின்று, இதுவரை காப்பாற்றிய ஒவ்வொருத்தரையும் நினைத்துப் பார்க்கிறான். அவர்களில் ஒருத்தர்கூட இவனைத் தேடி வரவில்லை. இனி நடந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும். சேற்றில் கால் புதைகிறது. "இத்தினி நாளு இவங்க எல்லாம் இப்டியா நடந்து போனாங்கன்னு நெனச்சுக்கினே நடக்கறான்" என்று முடித்தேன். தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெட்டியைப் பூட்ட மறந்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம்கூட முக்காலி எனக்கு நிலைக்கவில்லை.

எங்கள் ஏரியில் மீன் நன்றாகப் படும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே இடத்தில் வலை போட்டால் வெட்டுக்குத்து ஆகும். அதனால் சீட்டுக் குலுக்கிப் போட்டு, இந்த நாள் இந்த இடம் இன்னார் வீட்டுக்கு என்று முறை பிரித்திருப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். கல்யாணமான ஆணுக்குப் பாடு உண்டு, பெண்ணுக்குக் கிடையாது. ஏரிக்கு அது நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. பலசாலி என்று ஒருத்தன் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போக முடியாது.

ஏதோ வேறு சண்டையில் ஒருவர் ஊர்க்கூட்டத்தில் கேட்டுவிட்டார். டிவி பொது, கொட்டகை பொது, முக்காலியும் பொது, வாராவாரம் ஒரே வீடு மட்டும் முன்னால் உட்காருவது என்ன நியாயம் என்று. பக்கத்துக் குப்பத்தில் எங்கள் வீட்டைக் கதைக்கார வீடு என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள், அது அவரை உறுத்தியிருக்கும். தலைவர் யோசித்தார். பொது என்றால் பாடுதான் என்று தீர்ப்புச் சொன்னார். கதை சொல்வதற்கும் சீட்டுக் குலுக்கினார்கள். வாரம் ஒரு வீடு.

தலைவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். வஞ்சகமாய்ச் செய்திருந்தால் மண்ணை வாரித் தூற்றியிருப்பேன். அவர் நியாயம் என்று நினைத்துச் செய்தார். சொல்கிறவனுக்கு இந்தி தெரிய வேண்டுமே என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. படம்தான் கண்ணுக்குத் தெரிகிறதே, பார்த்துச் சொல்வதில் என்ன இருக்கிறது என்று நினைத்தார்கள். நான் சொல்லிச் சொல்லி அவர்களுக்குக் கதை அந்தப் பெட்டிக்குள்ளிருந்தே வருவதாகப் பழகிவிட்டது.

முதல் வாரப் பாடு கிடைத்தவர் வலை பின்னுவதில் கெட்டிக்காரர். அவர் வாயில் துப்பட்டிக்காரன் எல்லை தாண்டி வலை போட்டவனை உதைக்கிறவன் ஆனான். ஆபீஸ், கார், மாடிக்கட்டிடம் எல்லாவற்றிலும் எல்லைத் தகராறுதான். இரண்டாமவர் பக்திமான். துப்பட்டிக்காரன் வரம் வாங்கி வந்தவன் என்றும், ஆபீசில் இருக்கிற பெண் அவன் உடன்பிறந்த தங்கை என்றும் சொல்லிவிட்டார். மூன்றாம் வாரக்காரர் அவளைப் பெண்டாட்டி ஆக்கினார். போன வாரத் தங்கை இந்த வாரப் பெண்டாட்டி என்றதும் பெண்கள் பக்கம் முகத்தைச் சுளித்தது. அதற்கும் பழி சீரியல் மேல்தான் விழுந்தது, என்ன கண்றாவி எடுக்கிறார்கள் என்று. நாலாமவருக்குப் பேச்சே வராது. "வர்றான்... போறான்... கோவமா கீறான்" என்று அரை மணி நேரம் சொன்னார்.

என்னால் பொறுக்க முடியாமல் ஒருநாள் கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து, அவள் கூட வேலை செய்கிற பெண் என்று சத்தமாய்ச் சொன்னேன். தலைவர் திரும்பினார். கோபமில்லாமல்தான் சொன்னார். "உன் வூட்டுப் பாடு வரும்மா. அப்ப சொல்லிக்க."

நான் வாரத்தை எண்ணிக்கொண்டு காத்திருந்தேன். என் கண் முன்னால் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. பக்கத்துக் குப்பத்துப் படகுகள் நின்றுவிட்டன. சீரியல் கெட்டுப்போச்சு என்று கரையிலும் சந்தையிலும் பேச்சு. கெட்டுப்போய் ஒரு வருஷம் ஆகிறதே, அதை நான் தாங்கிப் பிடித்திருந்தேனே என்று யாரிடம் போய்ச் சொல்ல?

எங்கள் பாடு வந்தது. காலையில் தலை குளித்து, சாயம் போகாத சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு போனேன். முக்காலியில் உட்காரப் போனபோது தலைவர் என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கையைக் காட்டினார். பாடு அவர் பெயரில். ஏரியில் நான் போய் வலை போட முடியுமா? அதே மாதிரிதான் இது. என் வீட்டுக்காரர் மீனிடமும் என்னிடமும் தவிர யாரிடமும் அதிகம் பேசாதவர். வேர்த்துவிட்டது. என்னிடம் ஓடி வந்து, "நீ தட்டிக்குப் பின்னால நின்னு சொல்லு, நான் சொல்லிடறேன்" என்று கெஞ்சினார்.

ஒத்துக்கொண்டேன். ஏன் ஒத்துக்கொண்டேன் என்று இன்றைக்கும் என்னையே திட்டிக்கொள்கிறேன். கதை தறிகெட்டுப் போவதைப் பார்க்கச் சகிக்கவில்லை, அதுதான் காரணம். கொட்டகையின் ஓலைத் தட்டிக்குப் பின்னால், வெயிலில் நின்றேன். எனக்குப் படம் தெரியாது, சத்தம் மட்டும். அவருக்குப் படம் தெரியும், பேச்சுப் புரியாது. நான் தட்டியில் வாயை வைத்துச் சொன்னதை அவர் உள்ளே நின்று ஒப்பித்தார். பாதியை விழுங்கினார். நான் ரசித்து வைத்த இடங்களைத் தாண்டி ஓடினார். அப்படியும் அன்றைக்குக் கதைக்கு உயிர் வந்தது. அந்தப் பெண் மறுபடியும் கூட வேலை செய்கிறவளானாள். மீசை வைத்த தம்பி தன் அண்ணனைப் பற்றிப் பேசினான். முடிந்ததும் கை தட்டினார்கள். இன்றைக்கு சீரியல் நன்றாக எடுத்திருந்தான் என்றார்கள். என் வீட்டுக்காரரை இரண்டு பேர் டீ குடிக்கக் கூட்டிப் போனார்கள்.

மதியம் வீட்டுக்கு வந்தவர், "எப்டி சொன்னேன் பாத்தியா" என்றார்.

நான் குழம்புச் சட்டியை அப்படியே இறக்கி வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். நாலு நாள் அவரோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், தான் என்ன தப்பு செய்தோம் என்று கேட்டார். உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. அதை விளக்கிச் சொல்ல வேண்டியிருந்ததே எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். சரிதான், நீதான் சொன்னாய், எனக்குத் தெரியாதா என்றார். அந்த வார்த்தையை நான் பத்திரமாய் வைத்துக்கொண்டேன்.

அடுத்த இரண்டு வாரம் வேறு வீட்டுப் பாடு, மறுபடி குப்பை. அப்புறம்தான் ஊர்க்கூட்டம் போட்டார்கள். டிவிக்குள் இருக்கும் பிக்சர் டியூப் ஓட ஓடத் தேய்ந்துவிடும் என்று மீஞ்சூரில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். உதவாத சீரியலுக்கு அதை ஏன் தேய்க்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பெட்டியைப் பூட்டியே வைப்போம் என்று பேச்சு.

சனிக்கிழமை மாலை, அம்மன் கோயில் முன்னால் கூடினார்கள். பெண்கள் நாங்கள் தள்ளி நின்றோம். கூட்டத்தில் பெண்கள் பேசுவதில்லை. சீரியல் எப்போது கெட்டது என்று ஆண்கள் ஒவ்வொருத்தராய் எழுந்து சொன்னார்கள். தங்கை பெண்டாட்டி ஆனபோது என்றார் ஒருவர். எல்லைச் சண்டை ஓய்ந்த பிறகு என்றார் வலைக்காரர், அவர் சொன்ன வாரம்தான் நல்ல வாரமாம். ஆளாளுக்கு ஏதோ பெரிய விஷயம் அலசுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியாய்த் தலைவர் பேசினார். கடற்கரையில் நின்றானே, பறக்க முடியாமல் சேற்றில் நடந்து போனானே, அந்த வாரம் மாதிரி இனி ஒரு வாரம் வராது என்றார். அப்படி எடுத்தவர்கள் இப்படிக் கெடுத்துவிட்டார்களே என்று வருத்தப்பட்டார்.

நான் பேசிவிட்டேன்.

"அந்தக் கதை டிவில வரவேயில்ல. அன்னிக்கு அவங்க ஒண்ணுமே எடுக்கல. அது நான் சொன்னது."

அத்தனை தலையும் திரும்பியது. கூட்டத்தில் பெண் பேசிவிட்டாளே என்று யாரோ முனகினார்கள். தலைவர் கையமர்த்தினார்.

"இன்னாம்மா சொல்ற? நாங்க எல்லாரும் கண்ணால பாத்தோம்."

அவன் நடந்ததைப் பார்த்தீர்களா, நின்றதைத்தானே பார்த்தீர்கள் என்று கேட்டேன். அவன் சேற்றில் நடந்ததைப் பார்த்ததாக நாலு பேர் சொன்னார்கள். ஒருவர் கால் முழங்கால் வரை புதைந்தது என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வேண்டுமானால் பாயைக் கேளுங்கள், அவருக்கு அந்த பாஷை தெரியும் என்றேன். ஊர் விஷயத்துக்கு வெளியாள் சாட்சி எதற்கு என்று பின்னாலிருந்து சொன்னார்கள். பம்பாய் திமிர் என்றும் ஒரு குரல் வந்தது.

தலைவர் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா. உன் பொண்டாட்டி சொல்றது நெசமா?"

ஒரு வார்த்தை போதும். நாலு நாள் பேசாமல் இருந்து, ஐந்தாம் நாள் அவர் வாயால் கேட்ட அந்த வார்த்தை. அவர் எழுந்து நின்றார். என்னைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார், கூட இறங்கி வலை போடுகிற கூட்டாளிகளைப் பார்த்தார்.

"எனக்கு இந்தி தெரியாதுங்க" என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஊர் சிரித்தது, நிம்மதியாய்ச் சிரித்தது. பெட்டியைப் பூட்டுவது என்று முடிவானது.

மறுநாள் ஞாயிறு. காலையில் எங்கள் வீட்டு முன்னால் பூவரச மரத்தடியில் ஓலைப்பாயை விரித்து, நாங்கள் பெண்கள் ஏழெட்டுப் பேர் இறால் பிரித்துக்கொண்டிருந்தோம். பெரிசு ஒரு கூடை, சிறுசு ஒரு கூடை. என் வீட்டுக்காரர் நாலடி தள்ளிக் கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்து மணி ஆனது. எல்லோர் கண்ணும் கொட்டகைப் பக்கமே போய் வந்தது. கடைசியில் நாத்தனார்தான், இன்றைக்கு அவன் என்ன செய்திருப்பான் என்று கேட்டாள்.

செத்துப்போனான் என்றேன்.

கை வேலையை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். நான் நிறுத்தவில்லை. பிரித்துக்கொண்டே சொன்னேன். துப்பட்டிக்காரன் கையைக் கட்டி ஊருக்கு நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள். இவன் வேஷக்காரன், காப்பாற்றினதெல்லாம் வேறு யாரோ என்கிறார்கள். அவன் யாரென்று தெரிந்த ஒருத்தன் அந்தக் கூட்டத்தில் இருக்கிறான். கூடவே இருந்தவன், ஒரே சட்டியில் சாப்பிட்டவன். நீ சொல்லு என்று அவனைக் கேட்டார்கள். எழுந்து நின்றான். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். அவ்வளவுதான். துப்பட்டியை அவிழ்த்து ஓரமாய்ப் போட்டுவிட்டு அவனைக் கூட்டிப் போய்விட்டார்கள்.

நாத்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியா முடிப்பார்கள் என்றாள். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள், அப்புறம் தன் தம்பியைப் பார்த்தாள், இறாலைக் கையில் எடுத்தாள். டிவியில் அந்த சீரியல் அதற்குப் பிறகும் ரொம்ப நாள் ஓடியது என்று பாய் சொன்னார். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அது அன்றைக்கே முடிந்துவிட்டது.

பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருத்தராய்க் கிளம்பினார்கள். என் வீட்டுக்காரர் வலையிலிருந்து தலையை நிமிர்த்தவேயில்லை. பின்னின கண்ணையே மறுபடி அவிழ்த்துப் பின்னிக்கொண்டிருந்தார். எல்லோரும் போன பிறகு மெதுவாய்க் கேட்டார்.

"அந்தக் கூட இருந்தவன்... அப்பறம் அவன் இன்னா ஆனான்மே?"

"ஒனக்குத்தான் இந்தி தெரியாதேய்யா" என்றேன். மிச்சமிருந்த இறாலை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.